பழைய பிளாஷ் விளக்கு வாங்கும் முன்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, புகைப்பட மன்றத்தின் சார்பில்

போட்டோகிராப் என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ஒளியால் எழுதுதல் என்று பொருள். காமிரா எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் ஒளி சரியில்லையேல் படம் சரியாக அமையாது. சூரியன் ஒளியை இலவசமாகத் தருகிறான் என்பது உண்மையே. ஆனால் அவன் நம் பள்ளியின் நேர அட்டவணைப்படி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே நமது நாடக மேடை இருண்டுவிடுவதை நாம் அனைவரும் அறிவோம். இதனால்தான் ஸ்டூடியோக்காரர்கள் சூரியனை நம்பாமல், ஒரு கணம் பளிச்சிட்டு மறையும் பிளாஷ் விளக்குகளை வைத்துக்கொள்கிறார்கள். அத்தகைய விளக்குகளைப் பழையனவாக வாங்க முற்பட்டபோது நாங்கள் படித்தும் கேட்டும் சோதித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்களுக்கு இவ்விளக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறோம். அடையாள அட்டைக்கும் உதவித்தொகை விண்ணப்பங்களுக்கும் ஆண்டுதோறும் படம் தேவைப்படுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் பலருடைய வீடுகளில், புது நன்மை வாங்கிய நாளில் எடுத்த படத்திற்குப் பிறகு வேறு நல்ல படமே கிடையாது. அவர்களுடைய பெற்றோர் ஊரிலிருந்து வந்து போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று மன்றத்தில் ஒருத்தி கேட்டாள். காமிரா ஒன்று பள்ளியில் இருக்கிறது. விளக்குதான் இல்லை. பள்ளி விழாவில் நாங்கள் நடத்திய தின்பண்டக் கடையின் வருமானம் கையில் இருந்தது. புதிய விளக்குகள் இரண்டு வாங்க அது போதவில்லை. அந்தப் பணம் சுண்டலாகவும் முறுக்காகவும் பெற்றோர்கள் வாங்கிய பணம். ஆகவே அதைக் கொண்டுபோய் ஓடாத சாமானில் கொட்டிவிடக் கூடாது என்ற பயம் எங்களுக்கு இருந்தது. எங்கள் தலைமையாசிரியை சிஸ்டருக்கு வேறொரு பயம் இருந்தது. "பணம் போனால் மறுபடியும் சுண்டல் விற்கலாம். பிள்ளைகள் கையில் கரண்ட் அடித்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?" என்றார்கள். இரண்டு பயங்களும் நியாயமானவையே என்பதைப் பின்னால் காண்போம்.

பழைய ஸ்டூடியோ விளக்குகள் இக்காலத்தில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசி வந்த பின்பு சிறிய ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டன. நடத்துகிறவர்களும் பாட்டரியில் இயங்கும் புதிய பிளாஷுக்கோ, தொடர்ந்து எரியும் எல்.இ.டி. விளக்குக்கோ மாறிவருகிறார்கள். ஆகவே நல்ல விளக்குகளும் கெட்ட விளக்குகளும் ஒரே அலமாரியில், ஒரே தூசியை அணிந்துகொண்டு கிடக்கின்றன. எது எது என்று பிரித்தறிய, விளக்குக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மனிதர் செயற்கை மின்னலால் படம் பிடிக்க முயன்றது வெகு காலத்திற்கு முன்பே தொடங்கியது. 1851-இல் இங்கிலாந்தின் பாக்ஸ் டால்பட், சுழலும் தட்டு ஒன்றில் செய்தித்தாளின் துண்டை ஒட்டி, லேடன் ஜாடிகளில் தேக்கிய மின்சாரத்தை ஒரு பொறியாகப் பாய்ச்சி, அந்த ஒளியில் எழுத்துகள் தெரியும்படி படம் எடுத்துக் காட்டினார். 1887-இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியம் கலந்த பிளாஷ் பொடியை உருவாக்கினர். அது புகையும் தீயும் கக்கி, போட்டோ எடுப்பவரின் கையையே சுட்டுவிடும். 1929 அளவில் ஒரு முறை எரிந்து தீரும் பிளாஷ் பல்பு வந்தது. 1931-லிருந்து அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்ற பொறியியல் அறிஞர், சுழலும் மோட்டாரின் உறுப்புகள் நின்றுவிட்டாற்போல் தோன்றச் செய்யும் எலக்ட்ரானிக் பிளாஷை வளர்த்தெடுத்தார். பால் துளி விழுந்து கிரீடம் போல் தெறிக்கும் அவரது 1957-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்காதவர் அதை ஒருமுறை தேடிப் பார்த்தல் நலம். இன்று ஸ்டூடியோவில் இருக்கும் விளக்கு அவருடைய விளக்கின் பேத்தி என்று கூறலாம்.

அதன் முக்கிய உறுப்புகள் இரண்டுதான். ஒன்று கண்ணாடிக் குழாய். அதற்குள் செனான் என்னும் வாயு அடைக்கப்பட்டுள்ளது. நாம் சுவாசிக்கும் காற்றில் இது கோடிக்கு ஒரு பங்குகூட இல்லை. மற்றொன்று மின்தேக்கி. ரிப்பேர் கடைகளில் இதைக் கண்டென்சர் என்பார்கள். இந்தப் பாடம் நமக்கு மேல்நிலை வகுப்பில்தான் வருகிறது என்றாலும் கருத்து கடினமானதன்று. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைச் சிறிய குழாய் மெதுவாக நிரப்புகிறது. அடியில் உள்ள பெரிய மதகைத் திறந்தால் தொட்டி முழுவதும் ஒரே பாய்ச்சலில் காலியாகிவிடும். மின்தேக்கி அவ்வாறான தொட்டி. சுவரில் உள்ள பிளக்கிலிருந்து இரண்டு மூன்று விநாடிகளில் மெதுவாக நிரம்பி, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்தில் செனான் குழாய் வழியாகக் காலியாகிறது. மதகைத் திறப்பதற்கு, குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு கணம் தரப்படுகிறது. அப்போது வாயு மின்சாரத்தைக் கடத்தி வெள்ளொளி வீசுகிறது.

எங்கள் இயற்பியல் டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மின்தேக்கியில் உள்ள ஆற்றல், அதன் கொள்ளளவையும் வோல்ட்டின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. கொள்ளளவு 5,000 மைக்ரோ ஃபாரட், மின்னழுத்தம் 350 வோல்ட் என்று கொண்டால் சுமார் 306 ஜூல் வரும். ஸ்டூடியோக்காரர்கள் இதையே 300 வாட் செகண்ட் என்பார்கள். இரண்டும் ஒன்றே. 31 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கி வைக்கும் ஆற்றல் இது. 100 வாட் பல்பு இதை மூன்று விநாடியில் செலவழித்துவிடும். "இவ்வளவுதானா!" என்று வகுப்பில் சிலர் சிரித்தார்கள். உடனே டீச்சர் அடுத்த வரியை எழுதினார்கள். அதே ஆற்றல் ஆயிரத்தில் ஒரு விநாடியில் செலவானால், அந்தக் கணத்தில் அது 3,000 நூறு வாட் பல்புகளுக்குச் சமம். பிறகு, மருத்துவமனையில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நேராக்கக் கொடுக்கும் மின் அதிர்ச்சி சுமார் 150 முதல் 360 ஜூல் வரை என்றும் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. நோயுற்ற இதயத்தை நேராக்குவது நல்ல இதயத்தை நிறுத்தவும் வல்லது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் தொட்டியில் தண்ணீர் இருக்கும் என்பதை மறந்து, பழைய விளக்கைத் திருப்புளியால் திறந்து பார்ப்பவர்கள் இதனால்தான் ஆபத்துக்கு ஆளாகிறார்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். தையல் மெஷினோ சைக்கிளோ பழையதாக வாங்கும்போது, "அதிகம் ஓட்டாத வண்டி" என்றால் நமக்கு மகிழ்ச்சி. பிளாஷ் விளக்கில் அப்படியில்லை. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மட்டும் எங்கள் தோழியர் மறவாதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம். சும்மா கிடந்த பிளாஷ், உழைத்த பிளாஷைவிட மோசமானதாக இருக்கலாம்.

இதற்குக் காரணம் மின்தேக்கியின் அமைப்பே. இவ்விளக்குகளில் இருப்பது எலக்ட்ரோலிட்டிக் வகை. மெல்லிய அலுமினியத் தகட்டின் மேல் அதைவிடப் பல மடங்கு மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டு. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் அணை அதுதான். தகடுகளின் இடையே ஈரமான மின்பகு பொருள் இருக்கிறது. மின்னழுத்தம் அவ்வப்போது கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அப்படலம் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாமல் கிடந்தால் படலம் நலிந்துவிடும். பிறகு ஒரு நாள் திடீரென்று முழு அழுத்தமும் கொடுத்தால், நலிந்த அணையின் வழியே மின்சாரம் கசிந்து, உள்ளே சூடேறி, வாயு உண்டாகி, மின்தேக்கி உப்பிவிடும். சில சமயம் வெடித்தும் போகும். இதோடு ஈரமும் காலப்போக்கில் உலர்ந்துபோகிறது. அதற்கு மருந்தில்லை. படலம் நலிந்ததற்கு மட்டும் மருந்துண்டு. குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் அது மறுபடி உருவாகும். நோயிலிருந்து எழுந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போன்றது இது.

ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோவை மூடப்போவதாகக் கேள்விப்பட்டு, சிஸ்டருடனும், எலக்ட்ரீஷியனாக வேலை செய்யும் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையுடனும் நாங்கள் நால்வர் சென்றோம். கடைக்காரர் வயதானவர், நல்ல மனிதர். பெரிய இரும்புப் பெட்டி போன்ற விளக்கு ஒன்றைத் துடைத்துக் காட்டி, "இது அந்தக் காலத்து லைட்டும்மா. ஏழெட்டு வருஷமா தொடவே இல்ல. புதுசு மாதிரி இருக்கும்" என்றார்.

"அண்ணாச்சி, ஏழெட்டு வருஷமா ஒரு தடவைகூட போட்டுப் பார்க்கலையா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள்.

"எதுக்குப் பிள்ளே போடணும்? போட்டாத்தானே தேயும்?"

அவர் பொய் சொல்லவில்லை. தாம் சொல்வது விளக்குக்குப் பெருமை என்றே நம்பினார். விற்கிறவர் வஞ்சகராக இருந்தால்தான் நஷ்டம் வரும் என்று நாம் நினைக்கிறோம். அறியாமையாலும் வரும். அவர் பிளக்கைச் சொருகப் போனபோது தோழியின் தந்தை தடுத்து, விளக்கின் ஆற்றல் குமிழை மிகக் குறைந்த அளவில் வைக்கச் சொன்னார். எல்லோரையும் இரண்டு எட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். உள்ளிருந்து ஓர் இரைச்சலும் பிறகு மீன் நாற்றம் போன்ற ஒரு வாடையும் வந்தன. உடனே அணைத்துவிட்டார். அந்த விளக்கின் கதை அத்துடன் முடிந்தது. வாசனையை வைத்து முடிவு செய்வது விஞ்ஞானமா என்று கேட்கலாம். மின்தேக்கியின் உள் திரவம் கசிந்தால் நாற்றம் வரும் என்பதும், மூக்குக்கு விலை இல்லை என்பதும் உண்மையே.

அதே கடையில் அவர் கடைசிவரை பாஸ்போர்ட் படம் எடுக்கப் பயன்படுத்திய இரண்டு விளக்குகள் ஸ்டாண்டில் நின்றன. ஒவ்வொன்றும் 300 வாட் செகண்ட். பவர் பெட்டியும் குழாயும் ஒரே உடலில் அமைந்த வகை. இதை மோனோ லைட் என்பர். வெளியில் கீறல், பெயின்ட் உதிர்வு, குடை மாட்டும் துளையில் துரு. "அதெல்லாம் ஓடித் தேஞ்சதும்மா" என்று அவரே ஒதுக்கினார். நாங்கள் அவற்றைத்தான் சோதித்தோம்.

சோதனையை எந்தக் கடையிலும் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். முதலில் மின்சாரம் இல்லாமலே பார்க்க வேண்டியவை. பிளக் மூன்று முள் உடையதா, எர்த் முள் வயரோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலோக உடல் கொண்ட விளக்கில் எர்த் இல்லையேல் அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. ஃபியூஸ் இருக்கும் மூடியைத் திறந்தால், கண்ணாடி ஃபியூஸுக்குப் பதில் தாமிரக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். நம் ஊரில் இது சர்வ சாதாரணம். கம்பி சுற்றியவர் ஃபியூஸ் ஏன் போனது என்று யோசிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, உடலில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த விளக்குகள் சில 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ட்டில் அவற்றைச் சொருகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கண்ணாடிக் குழாய். முனைகளில் இலேசான கருமை இருப்பது உழைப்பின் அடையாளம். அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. குழாய் நெடுகிலும் கருத்தோ பால் போல் வெளுத்தோ விரிசல் கண்டோ இருந்தால் ஆயுள் முடிந்துவருகிறது. குழாயை விரலால் தொடக் கூடாது. கை எண்ணெய் படிந்த இடம் சூட்டில் கெட்டுவிடும். புதிய குழாய் கிடைக்குமா என்பதை விளக்கு வாங்கும் முன்பே விசாரித்தறிய வேண்டும். சில விளக்குகளுக்குப் புதுக் குழாயின் விலை பழைய விளக்கின் விலையையே மிஞ்சிவிடும். இங்கிலாந்தில் 1923-இல் தொடங்கிய போவன்ஸ் என்னும் புகழ்பெற்ற விளக்கு நிறுவனமே 2017-இல் மூடப்பட்டது என்றால், பெயர் பெற்ற கம்பெனி என்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது என்பது விளங்கும். ஆனால் அந்தக் கம்பெனி வகுத்த எஸ் மவுண்ட் என்னும் முகப்பு வளையத்தைப் பிற கம்பெனிகள் பலவும் ஏற்றுக்கொண்டதால், அதற்குப் பொருந்தும் சாஃப்ட் பாக்ஸும் ஒளிக்குவியும் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. நாங்கள் வாங்கிய இரண்டும் அந்த முகப்பு உடையவை. முகப்பு வளையம் யாருக்கும் பொருந்தாத தனி வகையாக இருந்தால், விளக்கு மலிவாக வந்தாலும் பின்னால் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் அலைய நேரும்.

இனி மின்சாரம் கொடுத்துச் செய்யும் சோதனை. குறைந்த ஆற்றலில் ஸ்விட்சைப் போட்டுச் சற்று நேரம் அப்படியே விட்டு, சிறிது சிறிதாக ஏற்றி, கடைசியில் முழு ஆற்றலில் இருபது தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தயார் என்று காட்டும் சிறு விளக்கு எத்தனை விநாடியில் எரிகிறது என்று ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். முதல் முறை இரண்டு விநாடி, பதினைந்தாம் முறை ஆறு விநாடி என்று போனால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. அதோடு காமிராவைத் தானியங்கியில் விடாமல், ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு, ஒரே அபெர்ச்சர் என்று கையால் நிலைநிறுத்தி, வெள்ளைச் சுவரைப் பத்து முறை படமெடுத்துத் திரையில் வரிசையாகப் பார்க்க வேண்டும். பத்தும் ஒரே வெண்மையாக இருக்க வேண்டும். ஒன்று மங்கி ஒன்று பிரகாசித்தால் அந்த விளக்கை நம்பி யாருடைய குடும்பப் படமும் எடுக்க முடியாது.

கடையில் வெள்ளைச் சுவர் இல்லை. எல்லாம் பச்சைப் பெயின்ட். ஆகவே சிஸ்டரையே நாற்காலியில் அமர வைத்து, அவர்களுடைய வெள்ளைத் தலைமுக்காட்டைச் சுவராகக் கொண்டோம். இடப்பக்கம் ஒரு விளக்கு, வலப்பக்கம் ஒரு விளக்கு. அதனால் ஓர் உண்மை தற்செயலாக வெளிப்பட்டது. முக்காட்டின் ஒரு பாதி சிறிது நீலமாகவும் மறு பாதி தூய வெள்ளையாகவும் இருந்தது. பகலொளியைப் போன்ற சுமார் 5,500 கெல்வின் நிறவெப்பம் பிளாஷுக்கு இருக்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு குழாய்க்கு இல்லாவிட்டால் நீலம் கூடும் என்றும், ஒரு விளக்கின் குழாயை எப்போதோ வேறு வகைக் குழாயால் மாற்றியிருக்கிறார்கள் என்றும் தோழியின் தந்தை விளக்கினார். அது விளக்கின் குறையன்று, குழாயின் குறைதான் என்பதால், விலையைக் குறைத்துக் கேட்கக் காரணமாயிற்று. கடைக்காரரும் மறுக்கவில்லை. "சிஸ்டர் தலையிலேயே தெரிஞ்சுபோச்சே" என்று சிரித்தார்.

அடுத்துச் சொல்லப்போவது காமிராவைப் பற்றியது. பெற்றோர் வாங்கித் தந்த டிஜிட்டல் காமிரா வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். பிளாஷையும் காமிராவையும் இணைக்கும் வயருக்கு சிங்க் கார்டு என்று பெயர். காமிராவுக்குள் ஷட்டர் திறந்ததும் இந்த வயரின் இரு முனைகளும் ஒன்றாகி, பிளாஷ் அடிக்கிறது. பிலிம் காமிராக்களில் அந்த இடத்தில் இருந்தது இரண்டு உலோக நாக்குகள் மட்டுமே. எவ்வளவு வோல்ட் வந்தாலும் அவை தாங்கின. ஆகவே அந்தக் காலத்து விளக்குகள் சிலவற்றில் சிங்க் கார்டில் 200, 300 வோல்ட்டுகூட நிற்கும். டிஜிட்டல் காமிராவில் நாக்குகள் இல்லை. நுண்ணிய எலக்ட்ரானிக் ஸ்விட்ச் இருக்கிறது. 1992-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 10330 என்னும் சர்வதேச நியமம் இந்த அழுத்தம் 24 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது என்கிறது. சில காமிராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும் என்று அவற்றின் கையேடே சொல்கிறது. ஆரம்ப கால டிஜிட்டல் காமிராக்களில் 6 வோல்ட்டுக்கு மேல் ஆகாதவையும் உண்டு. நூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் காமிராவை இழந்தவர் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அளந்து பார்ப்பது எளிது. விளக்கை முழுவதும் நிரம்பவிட்டு, மல்ட்டி மீட்டரை நேர்மின் அழுத்தத்தின் உயர்ந்த அளவில் வைத்து, சிங்க் கார்டின் நடு முனையிலும் வெளி வளையத்திலும் மீட்டர் முட்களைத் தொட வேண்டும். விரல் படக் கூடாது. இதைப் பெரியவர் ஒருவரே செய்ய வேண்டும். நாங்கள் சோதித்த இரண்டில் 5 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகவே காட்டியது. அதிகமாக இருக்கும் விளக்கையும் வீணென்று தள்ள வேண்டியதில்லை. வயரே இல்லாமல் ரேடியோ டிரிக்கர் மூலம் அடிக்கலாம். அப்போது அந்த வோல்ட்டைத் தாங்க வேண்டியது டிரிக்கரின் ரிசீவரே ஆதலால், அதன் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். அல்லது, விளக்கிலேயே ஒளியைக் கண்டு தானும் அடிக்கும் ஸ்லேவ் கண் இருந்தால், காமிராவில் உள்ள சிறு பிளாஷைக் கொண்டே அதை எழுப்பலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தற்காலக் காமிராவின் பிளாஷ் படம் எடுக்கும் முன் அளவு பார்ப்பதற்காக ஒரு முறை இலேசாக மின்னும். ஸ்லேவ் கண் அதைக் கண்டு அவசரப்பட்டு முன்னதாகவே அடித்துவிடும். படமோ இருட்டாக வரும். காமிராவின் பிளாஷை மானுவலில் வைத்தால் இத்தொல்லை தீரும்.

எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதிலும் வாங்குவோர் ஏமாறுகிறார்கள். 1,200, 1,500 வாட் செகண்ட் கொண்ட பெரிய பவர் பாக் பெட்டிகள் மலிவாக வருகின்றன என்று ஆசைப்படலாகாது. அவை பிலிம் காலத்துத் தேவைக்குச் செய்தவை. ஐ.எஸ்.ஓ. 25, 50, 64 என்ற மந்தமான பிலிமுக்கு அவ்வளவு ஒளி தேவைப்பட்டது. டிஜிட்டல் காமிராவில் ஐ.எஸ்.ஓ. 400 என்று வைத்தால், ஐ.எஸ்.ஓ. 100-க்கு வேண்டிய ஒளியில் நாலில் ஒரு பங்கே போதும். அஃதாவது 300 வாட் செகண்ட் செய்த வேலையை 75 செய்துவிடும். மேலும் ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒளி ஒரே ஒரு ஸ்டாப்தான் கூடும். விளக்கை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நகர்த்தினாலோ, தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஒளி நான்கு மடங்காகும். நகர்த்துவதற்குப் பணம் வேண்டாம். ஆகவே பெரிய விளக்கு ஒன்றைவிடச் சிறிய விளக்குகள் இரண்டே எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றவை என்பது எங்கள் முடிவு. பெரிய பெட்டியில் பெரிய மின்தேக்கி இருக்கும், ஆபத்தும் பெரிதாக இருக்கும் என்று சிஸ்டர் சேர்த்துச் சொன்னார்கள்.

பிளாஷே வேண்டாம், எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள் என்று எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அதில் வெடிக்கும் மின்தேக்கி பயமில்லை, கண்ணால் பார்த்தபடியே படம் வரும் என்பது சரியே. ஆயினும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரை நாங்கள் படமெடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தை ஒரு கணமும் சும்மா இராது. ஆயிரத்தில் ஒரு விநாடி அளவான ஒளி அதன் கையசைவையும் நிறுத்திப் பிடித்துவிடும். எல்.இ.டி.யில் அதே தெளிவு வேண்டுமானால் கண் கூசும் அளவு ஒளி ஊற்ற வேண்டும்.

விலையைப் பற்றி எங்கள் அபிப்பிராயம், அதே ஆற்றலுள்ள புதிய விளக்கின் விலையில் பாதிக்கு மேல் எந்தக் காரணத்தாலும் கொடுக்கலாகாது என்பதே. மறுபாதியை, மாற்ற வேண்டிவரும் குழாய்க்கும் மாடலிங் பல்புக்கும் வயருக்கும் ஒதுக்கிவைக்க வேண்டும். நீல ஒளி தந்த விளக்குக்கு உரிய குழாயை நாங்கள் அந்த ஒதுக்கிலிருந்தே வாங்கி மாட்டினோம். மாட்டியது நாங்கள் அல்லர், தோழியின் தந்தையே. விளக்கை முந்தின நாளே பிளக்கிலிருந்து பிரித்துவைக்கச் சொல்லிப் பிறகே அவர் கைவைத்தார். கடைக்காரரிடம் எழுத்தில் ரசீதும், ஒரு மாதத்துக்குள் பழுது வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒரு வரியும் வாங்கினோம். அவர் கேளாமலே இரண்டு வெள்ளைக் குடைகளையும் ஒரு ஸ்டாண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். "கான்வென்ட்டுப் பிள்ளைக கையில இது எரிஞ்சா எனக்குச் சந்தோஷம்" என்றார்.

இப்போது விளக்குகள் நூலகத்தின் பின்அறையில் பூட்டப்பட்டுள்ளன. சாவி அலுவலகத்தில் இருக்கிறது. உடலைத் திறக்கும் திருகுகளின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டிக் கையெழுத்திட்டுள்ளோம். படம் எடுத்து முடிந்ததும் ஆற்றலைக் குறைத்து, ஸ்விட்சை அணைத்து, ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்தி மிச்சத்தை வெளியேற்றிய பின்பே பிளக்கைப் பிடுங்குகிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளித் திருப்பலி முடிந்ததும் இருவர் சென்று விளக்குகளை ஒரு மணி நேரம் போட்டு வைத்து, பத்து முறை அடித்து, நிரம்பும் நேரத்தை நோட்டில் எழுதி வருகிறார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் ஊரில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுள்ளனர். படம் எடுத்துக்கொள்ள விரும்பும் பெற்றோர், இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் விடுதிப் பார்வையாளர் அறைக்கு வரலாம். வெளிர் நிற உடையைவிடச் சற்று அடர்ந்த நிற உடையே எங்கள் பின்திரைக்குப் பொருத்தமாக இருக்கும்.